பிச்சிக்கொடி எங்களுது, பூ பக்கத்து வீட்டுக்கு

எங்க வீட்டு வாசல்ல ஒரு பிச்சிக்கொடி இருக்கு, சென்னைப் பக்கம் ஜாதிமல்லின்னு சொல்வாங்களே அதேதான். 1998ல வீடு கட்டி பால் காய்ச்சுன வருஷமே எங்க அத்தை வச்சது. நான் கல்யாணமாகி பாளையங்கோட்டைக்கு வந்தப்பவே அது கார் நிறுத்துற தகர ஷெட்டு மேல ஏறி, அங்கருந்து மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சு, அப்புறம் கேபிள் வயரைத் தொத்திக்கிட்டு பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கே குடிபோயிருந்துச்சு. கீழ நின்னு பாத்தா மணிக்கட்டு மொத்தத்துல மூணு தண்டு, அதுக்கு மேல காய்ஞ்ச குச்சியும் சருகுமா ஒரு பொதி, பச்சைன்னு ஒண்ணு வேணும்னா அண்ணாந்து பாக்கணும். பூ முழுக்க உச்சியில, உச்சி இருக்கறது அவங்க மாடியில. சாயங்காலம் ஆனா பக்கத்து வீட்டு அக்கா எவர்சில்வர் கிண்ணத்தோட மாடியேறி நிதானமா மொட்டு பறிப்பாங்க, அதே நேரத்துல எங்க அத்தை தெருமுக்குல பூக்காரம்மாகிட்ட முழம் எவ்வளவுன்னு பேரம் பேசிட்டு இருப்பாங்க.

இத்தனைக்கும் நாங்க வெட்டாம இல்ல. வருஷா வருஷம் வெட்டுவோம். ஆடிக்காத்துல கொடி ஆடி தகரத்துல தடதடன்னு அடிக்கும்போது என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி கைக்கு எட்டுற வரைக்கும் முடி வெட்டுற மாதிரி சுத்தி கத்தரிச்சுட்டு இறங்கிருவார். பாக்க ஒரு வாரம் அழகா இருக்கும். அப்புறம் வெட்டுன ஒவ்வொரு நுனிக்கும் ரெண்டு மூணு தளிர் கிளம்பி முன்னைவிட அடர்த்தியா மேல மூடிக்கும், உள்ள வெயிலே போகாது, வெயில் போகாத எடத்துல இலை கொட்டி குச்சி காயும், காய்ஞ்ச குச்சி மேலயே புதுக்கொடி படரும். அப்படி அப்படி அடுக்கடுக்கா சேந்ததுதான் அந்தப் பொதி. வெட்டாம விட்டிருந்தாகூட இவ்வளவு மோசமாயிருக்காதுன்னு இப்ப தோணுது. நுனியை மட்டும் வெட்டுறதுன்னா அதுக்குப் பேரு கவாத்து இல்ல, மேல மேல போன்னு செடிக்கு நாமளே சொல்லிக்குடுக்கறது.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள்ள வந்துச்சு. எங்க தெருவுல வெள்ளம் ஏறல, ஆனா ரெண்டு நாள் விடாம பெஞ்சதுல இந்தக் கொடிப்பொதி மொத்தமும் தண்ணி குடிச்சு ஊறிப்போச்சு. 18ஆம் தேதி விடியக்காலைல டமார்னு சத்தம். ஓடிவந்து பாத்தா ஷெட்டோட முன்பக்க பைப்பு வளைஞ்சு தகரம் கார் பானட் மேல சாஞ்சு கெடக்கு, கொடி அதை அணைச்சு பிடிச்ச மாதிரி மேல படுத்திருக்கு. நனைஞ்ச கொடி என்ன கனம் கனக்கும்னு நான் அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

எங்க சித்தப்பா தோவாளைப் பக்கம் பிச்சி போட்டிருக்கார். நான் பொறந்த ஊரும் அந்தப் பக்கம்தான், சின்ன வயசுல விடியுமுன்ன பூ மார்க்கெட்டுக்கு அவர் சைக்கிள்ல பின்னாடி உக்காந்து போயிருக்கேன், ஆனாலும் செடி எப்படி வளக்கறாங்கன்னு ஒருநாள்கூடக் கேட்டதில்ல. போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சார். "எத்தன அடி வெட்டணும்னு கேக்காத மக்களே. எவ்வளவு மிச்சம் வைக்கணும்னு கேளு. உன் முட்டுக்கு மேல ஒரு குச்சி தெரியப்பிடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இருபத்தஞ்சு வருஷக் கொடியை முட்டு உயரத்துக்கா?

"எங்க வயல்ல வருஷா வருஷம் அப்படித்தான் மொட்டையடிக்கோம். இல்லேன்னா எங்களுக்கு ஏது பூ."

அப்புறம் தேடிப் படிச்சப்ப கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்றதும் கிட்டத்தட்ட அதேதான்னு தெரிஞ்சுது. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். உயரம் தரையில இருந்து 50 சென்டிமீட்டர், முல்லைன்னா 45. காரணமும் ரொம்ப சிம்பிள், இந்தச் செடிங்க புதுசா வர்ற தளிர்லதான் மொட்டு வைக்கும், பழைய குச்சியில வைக்காது. புதுத்தளிர் எங்க வருதோ அங்க பூ. எங்க வீட்டுல அது பக்கத்து வீட்டு மாடியில வந்துட்டு இருந்துச்சு, அவ்வளவுதான் கதை.

இனி அத்தையைச் சம்மதிக்க வைக்கணும். "பூக்குற செடிய எவனாவது அடியோட வெட்டச் சொல்லுவானா, அதுவும் மார்கழி மாசத்துல" அப்படின்னாங்க. மார்கழிக்குப் பூ வேணும்ல கோயிலுக்கு, அதான். நான் கேட்டேன், போன மார்கழில நம்ம கொடில எத்தனை பூ அத்தை பறிச்சோம்னு. யோசிச்சுப் பாத்தாங்க. பனி இறங்குனா பிச்சி எப்படியும் சுருங்கிரும், மார்கழில மார்க்கெட்டுல பூ விலை எகிறுறதே அதனாலதான், அப்ப செடி சும்மா இருக்கற நேரம், வெட்டுனா அதுக்கும் நட்டமில்ல நமக்கும் நட்டமில்ல. ஒருவழியா சரின்னாங்க, ஆனா நாங்க நாள் குறிச்ச 29ஆம் தேதி வெள்ளிக்கிழமையாப் போச்சு, வெள்ளிக்கிழமை பூச்செடில இரும்பு படக்கூடாதுன்னு ஒரே பிடி. நானும் விட்டுட்டேன், ஒரு நாள்ல என்ன ஆகப்போகுது. உண்மையில அந்தத் தாமதமும் நல்லதுக்குத்தான், மண்ணு இன்னும் சேறா இருந்துச்சு, அந்த நேரத்துல அடில நின்னு மிதிச்சா வேர்மண்ணு இறுகிப்போகும்.

டிசம்பர் 30 சனிக்கிழமை காலைல ஆரம்பிச்சோம். அரிவாள், செடி வெட்டுற கத்தரி, ரெண்டு ஹேக்ஸா பிளேடு. அரிவாள் தப்பான ஆயுதம்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுது, தண்டு துண்டா வெட்டாம நார் நாரா கிழிஞ்சுது, கிழிஞ்ச எடத்துல தண்ணி நின்னு அழுகும். மொத்தத் தண்டுக்கு ஹேக்ஸாவே போதும், மெதுவா அறுத்தா வெட்டுவாய் வழவழன்னு வரும். ஒவ்வொரு தண்டுக்கும் பிளேடை டெட்டால் நனைச்ச துணில துடைச்சுக்கணும், ஒண்ணுல நோய் இருந்தா அடுத்ததுக்குப் போகாம இருக்க.

பெரிய தப்பு ஒண்ணு பண்ணேன். முதல்லயே அடித்தண்டை அறுத்துட்டா மேல இருக்கறதை அப்படியே இழுத்துப் போட்டுறலாம்னு நெனச்சேன். அறுத்தாச்சு, இழுத்தா வருமா? இருபத்தஞ்சு வருஷமா பின்னி முறுக்கிக் கெடக்கறது. ரெண்டு பேரும் தொங்கி இழுத்ததுல கொடியோட சேந்து இன்டர்நெட் வயரும் அந்துபோச்சு, வீட்டுக்காரருக்கு திங்கக்கிழமை ஆபீஸ் மீட்டிங், அந்த ரெண்டு நாள் நான் கேட்ட பேச்சை இங்க எழுத முடியாது. மேலருந்து கீழ வரணும். முதல்ல மாடில நின்னு வயருங்களைத் தனியாப் பிரிச்சுக்கிட்டு, அரை அரை அடித் துண்டா நறுக்கி நறுக்கிப் போடணும், கடைசியாத்தான் அடித்தண்டு. அரைநாள் கூட ஆகும், ஆனா வயரும் தகரமும் மிஞ்சும்.

பொதிக்குள்ள என்னென்ன இருந்துச்சுன்னு கேளுங்க. ரெண்டு ரப்பர் பந்து, எண்ணமுடியாத துணி கிளிப்பு, மூணு காலி குருவிக்கூடு, அத்தையோட காணாமப்போன ஒரு டம்ளர், அப்புறம் முழ நீளத்துக்கு ஒரு பாம்புச்சட்டை. சட்டைக்காரர் எங்க போனார்னு தெரியல. நீங்க வெட்டப்போறீங்கன்னா மொதல்ல ஒரு நீளக் கம்பால நல்லா தட்டிட்டு, முழங்கை வரை மூடுன சட்டையும் ஷூவும் போட்டுக்கிட்டு கையை விடுங்க. கூட்டுல முட்டையோ குஞ்சோ இருந்தா அந்தக் கிளையை விட்டுட்டு பொறுத்து வெட்டுங்க, செடிக்கு ஒண்ணும் அவசரமில்ல.

மூணு தண்டுல எது உயிரோட இருக்குன்னு பாக்க ஒரு வழி சித்தப்பா சொல்லியிருந்தார். நகத்தால தோலை லேசா சுரண்டணும், உள்ள பச்சையும் ஈரமுமா இருந்தா உயிரு, பழுப்பா பொடியா வந்தா போச்சு. ரெண்டு தண்டு பளிச்சுன்னு பச்சை. மூணாவது, ஷெட்டுப் பைப்புல ஒட்டி இருந்தது, அடி வரைக்கும் பழுப்பு. அதையும் மத்ததோட ஒரே உயரத்துக்கு அறுத்து விட்டாச்சு, பிடுங்கலாம்னு சொன்னதுக்கு அத்தை முறைச்சாங்க.

வெட்டு கணுவுக்கு ஒரு விரக்கட்டை மேல, சாய்வா இருக்கணும், மழைத்தண்ணி வழிஞ்சுரும். கணுவுக்கு ரொம்ப மேல வெட்டுனா மிச்சக்குச்சி காய்ஞ்சு அது வழியா அழுகல் இறங்கும். பச்சைத்தண்டு வெட்டுவாயில காப்பர் ஆக்ஸிகுளோரைடு பவுடரை தண்ணில தோசைமாவு பதத்துக்குக் கரைச்சு பெயிண்ட் பிரஷ்ஷால தடவுனோம், உரக்கடைல சின்ன பாக்கெட்டே கிடைக்கும். சாணியும் மஞ்சளும் போதும்னு அத்தை சொன்னாங்க, அந்த மூணாவது குச்சிக்கு அவங்க வைத்தியமும் நடந்துச்சு.

குப்பை ஒரு குட்டியானை வண்டி நெறைய போச்சு. இலையை மட்டும் உதுத்து வச்சுகிட்டேன், பின்னாடி மூடாக்கு போட உதவுச்சு.

அடுத்தது வேர். இதைத்தான் நெறைய பேர் மறந்துடறாங்க, மேல வெட்டுறதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனக்கறாங்க. எங்க வாசல்ல நடுவுல ஒருதடவை சிமெண்ட் தளம் போட்டப்ப கொத்தனார் தண்டு வரைக்கும் பூசிட்டுப் போயிருந்தார், பாவம் அந்தச் செடி இத்தனை வருஷம் எங்கருந்து தண்ணி குடிச்சுதோ. சுத்தி ஒன்றரை அடிக்கு சிமெண்டை உடைச்சு எடுத்தோம், மேல்மண்ணை வேர் அறுபடாம கிளறி, பத்து கிலோ மக்குன சாணி எருவும் ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கும் போட்டு மூடியாச்சு. பத்து கிலோங்கறது செடிக்கு சொல்லியிருக்கற கணக்குதான். ரசாயன உரத்துல வருஷத்துக்கு ஒரு செடிக்கு தழைச்சத்து 100 கிராம், மணிச்சத்து 150, சாம்பல்சத்து 100ன்னு சொல்றாங்க, கடைல வாங்குற உரமாச் சொன்னா யூரியா 220 கிராம் வாக்குல, சூப்பர் பாஸ்பேட் 940 கிராம் வாக்குல, பொட்டாஷ் 165 கிராம் வாக்குல, இதை ரெண்டாப் பிரிச்சு கவாத்து முடிஞ்சதும் பாதி, ஜூன் ஜூலைல பாதி. நான் முதல் பாதியை உடனே போடல. பத்து நாள் ஊறிக்கெடந்த வேரு, அதுல போய் உப்பைக் கொட்ட மனசு வரல, தளிர் விரலளவு வந்ததுக்கு அப்புறம்தான் போட்டேன். யூரியா மட்டும் போட்டா பத்தாது, மத்ததும் சேந்து போகணும். முன்ன ஒரு வருஷம் பூக்கலன்னு கடுப்புல நான் யூரியாவை மட்டும் கையால அள்ளிப் போட்டேன், இலை வாழையிலை மாதிரி வந்துச்சு, பூ ஒண்ணுகூட இல்ல.

இப்ப காத்திருக்கற கட்டம். இதுக்குத்தான் மனதிடம் வேணும், வெட்டுறதுக்கு இல்ல. வாசல்ல மூணு மொட்டைக்குச்சி, அதுல ரெண்டுக்கு நீல பெயிண்ட் அடிச்ச மாதிரி மருந்து, ஒண்ணுக்கு மஞ்சள். போறவர்றவங்க எல்லாம் "ஐயோ ஏன் வெட்டுனீங்க"ன்னு துக்கம் விசாரிச்சாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாரம் எங்கூட சரியாப் பேசல. அத்தை தெனமும் ஒரு வாளி தண்ணி ஊத்த ஆரம்பிச்சாங்க, அதுதான் பெரிய ஆபத்து, இலையே இல்லாத செடி தண்ணியை என்ன செய்யும், வேரு அழுகும். மண்ணுல விரலை விட்டு ரெண்டாவது கணு வரைக்கும் காய்ஞ்சிருந்தா மட்டும் ஒரு சொம்பு ஊத்துங்கன்னு கெஞ்சி நிறுத்துனேன். பொங்கல் வந்துச்சு, ஒண்ணுமில்ல. எனக்கே பயம் வந்து தெனமும் நகத்தால சுரண்டிப் பாத்து பாத்து தண்டுல பாதித் தோலை உரிச்சிருப்பேன். சித்தப்பாகிட்ட போன் போட்டா "சுரண்டாத, சாகாதது உன் நகத்துல செத்துரும்"ங்கறார்.

ஜனவரி 20 வாக்குல ஒரு கணுவுல கடுகு மாதிரி செவப்பா ஒரு புள்ளி. அடுத்த நாலு நாள்ல ரெண்டு தண்டும் அடியில இருந்து நுனி வரைக்கும் புள்ளியா நிறைஞ்சுது. எண்ணுனேன், நாப்பதுக்கு மேல.

சந்தோஷத்துல எல்லாத்தையும் வளரவிட்டுறாதீங்க. எல்லாம் வளந்தா மறுபடி அதே பொதிதான். ஒரு ஜாண் வளந்ததும் தண்டுக்கு நாலு நாலு, நல்லா தடிமனா, வேற வேற திசை பாத்து இருக்கறதா வச்சுகிட்டு மிச்சத்தை விரலாலேயே கிள்ளிப் போட்டேன். தளிர் இளசா இருக்கும்போது கிள்ளுனா காயமே தெரியாது. அத்தை அன்னைக்கு வீட்டுக்குள்ளயே இருந்துட்டாங்க, பாக்க முடியலையாம்.

பந்தல் இந்த தடவை ஷெட்டு மேல இல்ல. வாசல் ஓரமா ஜி.ஐ. பைப்புல ஆறடி உயரத்துக்கு ரெண்டு கால் நட்டு, குறுக்க ஒரு அடிக்கு ஒரு கம்பி இழுத்தோம், பாக்க துணி காயப்போடுற ஸ்டாண்டு மாதிரி இருக்கும். கொடியை நேரா மேல விடாம கம்பி மேல படுக்கவச்சு கட்டணும். நேரா போற கொடி நுனியை மட்டும் வளத்துக்கிட்டே போகும், நுனி இருக்கற வரைக்கும் பக்கத்துக் கணுக்களை எழும்ப விடாது. படுக்கவச்சா அந்த அதிகாரம் குறைஞ்சு கணுவுக்குக் கணு பக்கக்கிளை வரும், கிளைக்குக் கிளை மொட்டு வரும், அதுவும் ஆறடிக்குள்ள, கைக்கெட்டுற தூரத்துல. கட்டுறதுக்கு பழைய வேட்டியைக் கிழிச்ச நாடா, எட்டு வடிவத்துல தளர்வா. நைலான் கயிறு வேண்டாம், தண்டு பெருக்கும்போது அறுத்துரும், என் பழைய கொடில அப்படி கயிறு உள்ளயே புதைஞ்சுபோன எடங்களைப் பாத்தேன்.

மார்ச்சுல ஒரு சோதனை. புது இலையெல்லாம் மஞ்சளாச்சு, நரம்பு மட்டும் பச்சை. எங்க போர் தண்ணி கொஞ்சம் உப்பு, மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் செடியால எடுக்க முடியாம போகும், அதுதான் இப்படிக் காட்டும். பெர்ரஸ் சல்பேட் லிட்டருக்கு அஞ்சு கிராம் கரைச்சு, சாயங்காலமா இலை நனைய அடிச்சேன், பதினஞ்சு நாள் விட்டு இன்னொரு தடவை, தேறிருச்சு. வெள்ளைச்சுவர் பக்கம் அடிக்காதீங்க, துருக்கறை போகாது, எங்க வாசச்சுவர் சாட்சி. அப்புறம் மொட்டு வர ஆரம்பிச்சப்ப சிலது ஓட்டையோட நூல் பின்னி ஒட்டிக்கெடந்துச்சு, மொட்டுப்புழு. கொஞ்சம்தான், பறிச்சு நசுக்கிட்டு வேப்பெண்ணெய் அடிச்சதோட சரி.

முதல் பூ ஏப்ரல் 9, சரியா நூத்தியொரு நாள் கழிச்சு. அடில லேசா ரோஸ் ஓடுன அந்த நீட்டு மொட்டு, ஏணி இல்லாம, அண்ணாந்து பாக்காம, வாசப்படில நின்னு பறிச்சோம். சித்திரை விசுவுக்கு கனி வைக்கும்போது தட்டுல எங்க வீட்டுப் பிச்சி ஒரு கை. ஜூலைக்கெல்லாம் தெனமும் ரெண்டு முழம் கட்டுற அளவு வந்துச்சு, பூக்காரம்மா "என்ன பாட்டி, கண்ணுலயே காணோம்"னு அத்தைகிட்ட கேட்டுருக்காங்க.

பக்கத்து வீட்டு அக்கா விஷயம் இருக்கே. வெட்டுன அன்னைக்கே பென்சில் மொத்தக் குச்சியா பாத்து ஒரு ஜாண் நீளத்துல பன்னெண்டு துண்டு, ஒவ்வொண்ணுலயும் மூணு நாலு கணு வர்ற மாதிரி, மணலும் எருவும் கலந்த பெயிண்ட் டப்பாவுல நிழல்ல ஊனி வச்சிருந்தேன். அஞ்சு பிழைச்சுது. பெரிய செடி செத்தாலும் வாரிசு இருக்கட்டுமேன்னுதான் வச்சது, ஆனா அது அரைகுறை முன்ஜாக்கிரதைதான். ஒழுங்கா செய்யணும்னா வெட்டறதுக்கு நாலு மாசம் முன்னாடியே ஒரு கிளையை மண்ணுல வளைச்சு பதியம் போட்டுரணும், மூணு நாலு மாசத்துல வேர் பிடிச்சிரும், அதைப் பிரிச்சு நட்டுட்டு அப்புறம் தாயை வெட்டுனா தூக்கம் கெடாது. அந்த அஞ்சுல நல்ல ரெண்டை அக்காவுக்குக் குடுத்தேன், மாடித்தொட்டில வச்சிருக்காங்க, பேச்சுவார்த்தை திரும்ப நடக்குது.

என் தங்கச்சி இதைக் கேட்டுட்டு அவ வீட்டுக் காகிதப்பூவை மே மாச மத்தியான வெயில்ல மொட்டையடிச்சா. காகிதப்பூ, ரங்கூன் மல்லி எல்லாம் இந்த மாதிரி வெட்டைத் தாங்கும்தான், ஆனா இத்தனை வருஷம் இலை நிழல்ல இருந்த தண்டுத்தோல் திடீர்னு அக்கினி வெயிலைப் பாத்தா வெந்துபோகும். அவளோடது ஒரு பக்கம் பட்டுப்போச்சு, மறுபக்கம் பிழைச்சுது. நகத்தால சுரண்டிப் பாக்கறப்ப பாதிக்கு மேல பழுப்பா இருக்கற கெழட்டுச் செடின்னா ஒரே வெட்டா வெட்டாதீங்க, இந்த வருஷம் பாதி, அது தழைஞ்சதும் அடுத்த வருஷம் மீதி.

2024 டிசம்பர்ல மறுபடி வெட்டுனோம், இந்த தடவை முக்கால் மணி நேரம், ஒரு சாக்குப்பை குப்பை, வயர் எதுவும் அறுபடல. அந்த மூணாவது குச்சி இன்னும் அப்படியே நிக்குது, தட்டுனா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், செத்து வருஷக்கணக்காச்சு. பிடுங்கலாம்னு நான் சொல்றப்பல்லாம் அத்தை, "கெடக்கட்டும், ஒரு பக்கமா கொடி பிடிச்சுக்கும்"ங்காங்க. போன வாரம் பாத்தா அதுக்கும் மஞ்சள் தடவியிருக்கு.